ரத்தக்கண்ணீர்: முகம் மறைந்த பிறகு தொடங்கும் நடிப்பு

ரத்தக்கண்ணீர் படத்தை நான் பார்த்தது பிறகுதான். முதலில் கேட்டேன். எங்கள் ஊரில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் முதல் நாள் மாலையே வேப்பமரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிடுவார்கள். இரவு பத்து மணிக்குமேல் பாட்டு ஓய்ந்து, இசைத்தட்டில் பதிந்த சினிமாக் கதைவசனம் தொடங்கும். திருவிளையாடல் வரும், பராசக்தி வரும், ரத்தக்கண்ணீர் கட்டாயம் வரும். ஒரு சடங்கு வீட்டில் வசனம் பாதி ஓடிக்கொண்டிருந்தபோது பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, "மங்கல வீட்டில் அந்தக் குஷ்டரோகியின் குரல் எதற்கப்பா, நிறுத்து" என்றார். மைக்செட்காரர் தட்டை மாற்றினார். பந்தலில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் விடவில்லை. பெரியவர் தூங்கப் போனதும், அந்தக் குரல் கூப்பிடும் நாட்டியக்காரி காந்தாவைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

எனக்கு நினைவில் நிற்பது அந்தச் சிரிப்பு. நோயில் உருக்குலைந்து தெருவில் கிடக்கும் ஒருவன் பேசுகிறான். கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். இரக்கப்பட வேண்டிய இடம் அது. தண்டனை அடைந்தான் பாவி என்று தலையாட்ட வேண்டிய இடமும்கூட. சிரிப்பு எங்கிருந்து வந்தது? எம்.ஆர்.ராதா என்ற நடிகர் அந்தப் பாத்திரத்துக்குள் என்ன செய்து வைத்திருக்கிறார் என்று பார்த்தால்தான் அது புரியும்.

1954 தீபாவளியையொட்டி வெளிவந்த படம் இது. நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ.பெருமாள் முதலியார் தயாரித்தார். இரட்டை இயக்குநர்களான கிருஷ்ணன்–பஞ்சு இயக்கினார்கள். திருவாரூர் கே.தங்கராசு எழுதி, ராதா 1949 முதல் மேடையில் நடத்திவந்த நாடகம்தான் படமாயிற்று. வெளிநாட்டில் படித்துவிட்டு ஊர் திரும்பும் பணக்கார இளைஞன் மோகனசுந்தரம். தாய்நாட்டின் எதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. குடும்பப் பாங்கான சந்திராவை மணந்துகொண்டு, நாட்டியக்காரி காந்தாவின் வீட்டில் குடியேறுகிறான். தாயை அவமதிக்கிறான், சொத்தைக் கரைக்கிறான். தொழுநோய் வருகிறது, காந்தா துரத்துகிறாள், கண்ணும் போய்ப் பிச்சைக்காரனாகத் திரிகிறான். கடைசியில் தன் நண்பன் பாலுவிடம், சந்திராவை நீ மணந்துகொள் என்று கேட்கிறான். சந்திராவாக ஸ்ரீரஞ்சனி, காந்தாவாக எம்.என்.ராஜம், பாலுவாக எஸ்.எஸ்.ராஜேந்திரன்.

கதையாகச் சொன்னால் திண்ணைப் பாட்டி சொல்லும் நீதிக்கதைதான். கெட்டவன் கெட்டான், பார்த்துத் திருந்துங்கள். ஆனால் திரையில் ஒரு விசித்திரம் நடக்கிறது. மோகன் விழ விழ, அவன் பேச்சு எழுகிறது. பணமும் காரும் இருந்தபோது அவன் வெறும் அலட்சியக்காரன். எல்லாம் போனபின் அவனைப்போல் கூர்மையாகப் பேச அந்தப் படத்தில் ஆளே இல்லை. நல்லவர்கள் எல்லோரும் நல்ல விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருக்க, பார்க்கிறவர் காது கெட்டவனையே தேடுகிறது. கதை அவனைக் கூண்டில் ஏற்றுகிறது. ராதாவோ அந்தக் கூண்டையே மேடையாக்கிக்கொள்கிறார்.

இதற்கான பயிற்சி அவருக்குச் சிறு வயதிலேயே தொடங்கிவிட்டது. 1907-இல் சென்னையில் பிறந்த ராதாகிருஷ்ணன், ஒரு மீன் துண்டுக்காகத் தாயோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டு ஓடி நாடகக் கம்பெனியில் சேர்ந்தார் என்பார்கள். சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகளின் காலம் அது. மைக் கிடையாது. முன்னால் நாற்காலி, அதற்குப் பின் பெஞ்சு, பிறகு தரை. தரை டிக்கெட்டின் கடைசி வரிசைக்கு வசனம் போய்ச் சேரவில்லை என்றால் மறுநாள் வேடம் கைமாறிவிடும். அங்கே வளர்ந்தவர்களுக்குக் குரல்தான் முதல் முதலீடு. பெரும்பாலானவர்கள் அதைக் கணீரென்ற ஒற்றைக் குரலாக வளர்த்துக்கொண்டார்கள். ராதாவிடம் மட்டும் இரண்டு இருந்தன.

அடிவயிற்றிலிருந்து வரும் கரகரப்பு ஒன்று. தொண்டையை இறுக்கி மேலே ஏற்றும் கீச்சுக்குரல் மற்றொன்று. ஒரே வாக்கியத்துக்குள் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுவார். மிமிக்ரி கலைஞர்கள் இந்தத் தாவலைப் பிடித்துக்கொண்டு எழுபது ஆண்டுகளாகப் பிழைப்பு நடத்துகிறார்கள். அதனாலேயே இது வெறும் கோமாளித்தனம் என்ற எண்ணம் பலருக்கு வந்துவிட்டது. ரத்தக்கண்ணீரைக் காது கொடுத்துக் கேட்டால் இரண்டு குரலுக்கும் வெவ்வேறு வேலை இருப்பது தெரியும். கரகரப்பு எதிரில் நிற்கும் பாத்திரத்தோடு பேசுகிறது. கீச்சுக்குரல் கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர்களோடு பேசுகிறது. முதல் குரல் ஒன்றைச் சொல்லும். இரண்டாவது குரல் அதை உடனே கேலி செய்யும், சந்தேகப்படும், இல்லாவிட்டால் ஒரு 'ம்' போட்டுத் திருகிவிடும். மேடையில் பக்கவாட்டில் திரும்பிச் சபையோரிடம் தனியே பேசும் பழைய முறை உண்டல்லவா, அதை ராதா தலையைத் திருப்பாமல் தொண்டையாலேயே செய்துவிடுகிறார்.

சினிமாவுக்கு மைக் வந்துவிட்டது. தரை டிக்கெட்டுக்காகக் கத்த வேண்டியதில்லை. ஆனாலும் அவர் அந்தக் கருவியை மூட்டை கட்டி வைக்கவில்லை. 1937-இல் ராஜசேகரன் தொடங்கிச் சில படங்களில் நடித்துவிட்டு, சினிமா வேண்டாம் என்று நாடகத்துக்கே திரும்பிவிட்டவர் அவர். பல ஆண்டுகள் கழித்து ரத்தக்கண்ணீருக்காகக் காமிராமுன் மறுபடி நின்றபோது அவருக்கு வயது நாற்பத்தேழு. வெளிநாட்டுப் படிப்பை முடித்து வந்து இறங்கும் இளைஞனாக நாற்பத்தேழு வயதுக்காரர்! கோட்டும் சூட்டும் வயதை மறைக்கவில்லை. நாடக மேடையில் இதையெல்லாம் யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். கிழவர் கிருஷ்ணனாக வந்தாலும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சினிமாவின் அண்மைக் காட்சி அந்தச் சலுகையைத் தருவதில்லை. படத்தின் முன்பாதியில் மோகன் சற்றுப் பொருந்தாமல் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இதையும் சொல்லியாக வேண்டும்: முன்பாதியில் சில காட்சிகள் நீளம். கல்யாண வீட்டுக் கேலிகளும் நாட்டியமும் மேடையின் அளவிலேயே எடுக்கப்பட்டிருக்கின்றன. காமிரா பெரும்பாலும் முன்வரிசை நாற்காலிக்காரரைப்போல உட்கார்ந்து பார்க்கிறது.

இதே நிறுவனம், இதே இயக்குநர்கள், ஸ்ரீரஞ்சனியும் ராஜேந்திரனும் உட்பட இதே நடிகர்கள் சிலர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் செய்த பராசக்தியை (1952) இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதுவும் மேடையிலிருந்து வந்ததே. பாவலர் பாலசுந்தரத்தின் நாடகம். அதற்கு மு.கருணாநிதி எழுதிய வசனமும் சிவாஜி கணேசனின் உச்சரிப்பும் அடுத்த இருபது ஆண்டுகளுக்குத் தமிழ்த் திரையின் பேச்சையே தீர்மானித்தன. அடுக்குமொழி, எதுகை மோனை, ஏறிக்கொண்டே போய் உச்சியில் வெடிக்கும் வாக்கியம். நீதிமன்றக் காட்சியில் நாயகன் குணசேகரன் பேசப் பேச எதிரில் இருப்பவர்கள் வாய்மூடிக் கேட்கிறார்கள்.

மோகன் அப்படிப் பேசுவதில்லை. அவனுடைய வாக்கியங்கள் சிறியவை, பாதியில் நிற்பவை, எதிராளியின் சொல்லைப் பிடுங்கித் திருப்பி அடிப்பவை. ஆங்கிலமும் சென்னைப் பேச்சும் கலந்து வருபவை. சொல்லின் அழகை ரசிக்க அவன் நேரம் தருவதில்லை. திராவிட இயக்கச் சொற்பொழிவின் தமிழ் மேடையேறிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே இயக்கத்துக்காரரான ராதா தெருமுனைத் தமிழோடு வந்து நின்றார். பெரியாரின் தொண்டராக வாழ்ந்தவர் அவர். பட்டுக்கோட்டை அழகிரிசாமி கொடுத்த 'நடிகவேள்' என்ற பட்டமும் அந்த வட்டாரத்திலிருந்து வந்ததே. கொள்கை ஒன்று. நாக்கு வேறு.

அவருடைய நாடகங்களில் வசனம் ஒருநாள் இருந்ததுபோல் மறுநாள் இருக்காது. காலைப் பத்திரிகையில் படித்த செய்தி மாலை மேடையில் வரும். சபையிலிருந்து யாராவது குரல் கொடுத்தால் பாத்திரத்தை விட்டு இறங்கி வந்து பதில் சொல்லிவிட்டு, திரும்ப ஏறிக்கொள்வார். இப்படி நூற்றுக்கணக்கான இரவுகள் தேய்த்துத் தேய்த்து எடுத்த பாத்திரம் காமிரா முன் வந்தபோது, அது எழுதி ஒப்பித்ததாகத் தெரியவில்லை. இன்றைக்குப் படத்தில் நாம் பார்ப்பது ஒரே ஓர் இரவின் மோகனை. மற்ற இரவுகளில் அவன் வேறு யாரையெல்லாம் வம்புக்கு இழுத்தானோ.

பின்பாதிக்கு வருவோம். அங்கேதான் அசல் வேலை நடக்கிறது.

ஒரு நடிகரிடம் என்னென்ன இருக்கும்? முகம், கண், கை, நடை, குரல். நோய் வந்தபின் மோகனிடமிருந்து ஒவ்வொன்றாகப் பறிபோகின்றன. ஒப்பனை முகத்தை மூடிவிடுகிறது. புருவம் உயர்ந்தாலும் தெரியாது. விரல்கள் மடங்கிவிடுகின்றன. கால் இழுபடுகிறது. கடைசியில் கண்ணும் இல்லை. வேறொருவர் என்றால் இந்த இடத்தில் முனகலையும் அழுகையையும் கையில் எடுத்திருப்பார். நமக்கும் கண்ணீர் வந்திருக்கும், படமும் ஓடியிருக்கும். ராதா குரலை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார். அவருக்கு இது புதிதும் இல்லை. முன்பு 'இழந்த காதல்' நாடகத்தில் ஒரு காட்சி முழுவதும் சபையோருக்கு முதுகைக் காட்டியபடியே பேசிக் கைதட்டல் வாங்கியவர் என்று அவரைப் பற்றி நாடகக்காரர்கள் சொல்வதுண்டு. முகத்தைக் காட்டாமல் நடிக்க முடியும் என்று தெரிந்தவருக்கு முகமே போய்விட்ட பாத்திரம் வந்து வாய்த்தது.

நோயாளியான மோகனின் பேச்சில் ஒரு புது விடுதலை வந்துவிடுகிறது. இனி இழக்க அவனிடம் ஏதுமில்லை. பணக்காரனாக இருந்தபோது அவன் ஊரைக் கேலி செய்தது கொழுப்பு. பிச்சைக்காரனாகி அதே கேலியைச் செய்யும்போது அது விமரிசனமாகிவிடுகிறது. சாமியையும் தருமத்தையும் கனவான்களையும் அவன் குத்தும்போது எதிரில் இருப்பவர்களால் பதில் சொல்ல முடியாது. அருகே வந்து அடிக்கவும் முடியாது, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். அந்தப் பயத்தையும் அவன் நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறான். கதைவசனம் கேட்ட பந்தலில் சிரிப்பு கிளம்பிய இடங்கள் பெரும்பாலும் இவைதான். அவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் குறைவு. அவனோடு சேர்ந்து மற்றவர்களைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

'குற்றம் புரிந்தவன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கு.சா.கிருஷ்ணமூர்த்தி எழுதியது, படத்துக்கு இசையமைத்த சிதம்பரம் எஸ்.ஜெயராமனே பாடியிருக்கிறார். கர்நாடக சங்கீதத்தில் ஊறிய, கனத்த, சற்றே மூக்கடைத்த குரல் அவருடையது. பாட்டு ஒரு தீர்ப்பு. குற்றம் செய்தவனுக்கு நிம்மதி எங்கே என்று நிதானமாக, இழுத்து, கமகத்தோடு கேட்கிறது. வரிக்கு வரி இடைவெளி விட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளிகளில் ராதா பேசுகிறார்.

பாடகர் எந்தச் சொல்லில் நிறுத்தினாரோ அதை ராதா அப்படியே பிடித்துக்கொள்கிறார். ராகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் பேச்சாக அதே சொல்லை ஒருமுறை உச்சரித்துப் பார்க்கிறார். பிறகு அதற்குப் பதில் சொல்கிறார், தனக்கே. குரல் முதலில் தணிந்துதான் ஒலிக்கிறது, ஒப்புக்கொள்கிறவன் குரல். இரண்டு மூன்று சொற்களுக்குள் கீச்சு எட்டிப் பார்க்கிறது. ஒப்புக்கொண்டதையே நையாண்டி செய்கிறது. ஒரு சிரிப்பு வருகிறது. அது இருமலா சிரிப்பா என்று முடிவுக்கு வருவதற்குள் ஜெயராமன் அடுத்த வரியைத் தொடங்கிவிடுகிறார். பாட்டு தாளத்துக்குள் இருக்கிறது, பேச்சு தாளத்துக்கு வெளியே இருக்கிறது. தீர்ப்பு வாசித்துக்கொண்டிருக்கும் நீதிபதியைக் குற்றவாளி குறுக்கே குறுக்கே இடைமறிப்பதுபோல. பாட்டுமட்டும் தனியாக இருந்திருந்தால் நல்ல சோகப்பாட்டு என்ற அளவில் நின்றிருக்கும். இடையில் பேசுவதை நீக்கிவிட்டு யாராவது இதை மேடையில் பாடினால், ஏதோ ஓட்டை விழுந்ததுபோல் இருக்கிறது. கேட்கிறவர்கள் தாங்களாகவே ராதாவின் வார்த்தைகளை முணுமுணுத்து அந்த ஓட்டையை அடைக்கிறார்கள்.

இங்கே ஒரு குறையையும் பேசவேண்டும். பகுத்தறிவாளர்கள் சேர்ந்து செய்த இந்தப் படம், நோயைப் பொறுத்தவரை பகுத்தறிவோடு நடந்துகொள்ளவில்லை. தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருவது என்று நார்வேக்காரர் ஹான்சன் கண்டுபிடித்தது 1873-இல். ஒழுக்கக்கேட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது பால்வினை நோயும் இல்லை. ராதாவின் நாடகம் மேடையேறிய காலத்தில், செங்கல்பட்டை அடுத்த திருமணி மருத்துவமனையில் சல்போன் வகை மருந்துகளால் நோயாளிகளைக் குணப்படுத்தும் சிகிச்சையும் தொடங்கிவிட்டது. படமோ தாசி வீட்டுக்குப் போனவனுக்குக் குஷ்டம் என்ற பழைய கணக்கையே கையில் எடுத்தது. நாட்டியக்காரியைப் பேயாகவும் நோயாளியைப் பாவியாகவும் காட்டும் வழக்கத்துக்கு அது தன் பங்கைச் செலுத்தியது. பந்தலில் அந்தப் பெரியவர் தட்டை நிறுத்தச் சொன்னதற்கும் இந்தக் கணக்குதான் காரணம்.

வேடிக்கை என்னவென்றால், வசனம் நோயைத் தண்டனை என்கிறது, ராதாவின் உடல் அதை ஒத்துக்கொள்வதே இல்லை. அவர் கூனிக் குறுகுவதில்லை. தாயையும் சந்திராவையும் நினைக்கும்போது மட்டும் குரல் உடைகிறது. அங்கே இருப்பது உண்மையான வருத்தம். ஊரைப் பார்த்து அவர் வருந்துவதாக ஓர் இடத்திலும் எனக்குத் தோன்றியதில்லை. எழுத்து கேட்ட பாவமன்னிப்பை நடிகர் இரண்டு பெண்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்கு மறுத்துவிட்டார். படம் பழைய நீதிக்கதையாகச் சுருங்கிவிடாமல் காப்பாற்றியது அந்த மறுப்புத்தான்.

முடிவு இன்றைக்கும் துணிச்சலாகத்தான் இருக்கிறது. கணவன் தன் மனைவியை மறுமணம் செய்துகொள்ளச் சொல்கிறான், அதுவும் தன் நண்பனை. விதவை மறுமணமே வீட்டுக்கு வீடு சண்டையாக இருந்த காலம். இந்து திருமணச் சட்டம் மறு ஆண்டு, 1955-இல்தான் வந்தது; அதில் தொழுநோயையும் மணமுறிவுக்கு ஒரு காரணமாகச் சேர்த்திருந்தார்கள். அந்தப் பிரிவு நீக்கப்பட்டது 2019-இல். மருந்து கண்டுபிடித்து எத்தனையோ ஆண்டுகள் கழித்து. மோகனை ஒதுக்கிவைத்த ஊர் சினிமாவில் மட்டும் இருந்ததில்லை.

அரசாங்கத்தோடு ராதாவுக்கு இருந்த தகராறும் படம் வந்த இதே ஆண்டில் வந்து முட்டுகிறது. இராமாயணத்தைத் தன் பாணியில் அவர் மேடையேற்றியதால் தடை, கைது, வழக்கு. 1876-ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் கொண்டுவந்த நாடகச் சட்டம் போதவில்லை என்று 1954-இல் சென்னை மாநிலத்துக்குத் தனியாக ஒரு நாடகச் சட்டம் வந்தது. அவரை மனத்தில் வைத்தே அது கொண்டுவரப்பட்டது என்று அன்றே பேசினார்கள். அதன் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது 2013-இல், நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில். ராதா இறந்து அப்போது முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

படம் வெற்றி பெற்றும் அவர் உடனே முழுநேரச் சினிமாக்காரராகிவிடவில்லை; மேடை மோகன் ஊர் ஊராகப் போய்க்கொண்டேதான் இருந்தான். 1950களின் இறுதியில்தான் பாகப்பிரிவினை (1959) போன்ற படங்களால் திரைக்கு நிரந்தரமாக வந்தார். அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் அவர் ஏற்ற வில்லன்களிலும் நகைச்சுவைப் பாத்திரங்களிலும் அந்த இரட்டைக் குரல் தொடர்ந்தது. பலே பாண்டியாவில் (1962) அதை அவர் விளையாட்டாக வாரி இறைத்திருக்கிறார். ஆனால் அந்தக் குரலுக்கு ரத்தக்கண்ணீரில் இருந்த தேவை பிறகு இல்லை. அங்கே அது மோகனுக்கு மிச்சமிருந்த ஒரே உறுப்பு. மற்ற படங்களில் அது அவருடைய முத்திரை.

பிறர் இந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டபோது எல்லோரும் வந்து நின்ற இடமும் அதுவே. தெலுங்கில் நாகபூஷணம் இந்த நாடகத்தைப் பல ஆண்டுகள் மேடையேற்றி, 'ரக்தகண்ணீரு நாகபூஷணம்' என்றே பெயர் பெற்றார். கன்னடத்தில் 2003-இல் உபேந்திரா நடித்துப் படம் வந்து நன்றாக ஓடியது. தமிழில் ராதாவின் மகன் ராதாரவி அப்பாவின் வேடத்தில் மேடையேறினார். உபேந்திராவுக்கும் நாகபூஷணத்துக்கும் வேறு மொழி இருந்தது. புதிதாக ஒரு குரலைத் தேடிக்கொள்ளலாம். மகனுக்குத்தான் சங்கடம். அப்பாவின் குரலில் பேசினால் மிமிக்ரி என்பார்கள். பேசாவிட்டால், டிக்கெட் வாங்கி வந்தவர் எழுந்து நின்று, எங்கே அந்தக் 'காந்தா' என்று கேட்பார்.